கேஸ் சிலிண்டருக்குப் போன பத்திரிகை

மே 19, திங்கள்

சைபர் கிரைம் ஸ்டேஷன் எஸ்.ஐ. அம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி ஓட்டையும் கறையும் செக்கிங் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு டைரி ஒன்றுதான் குறைச்சல். "நடந்ததை நடந்த வரிசையில எழுதி வைங்கம்மா. நாளைக்குக் கோர்ட்டுல கேட்டா மறந்துடும்" என்றார். மருந்துக்கடையில் கொடுத்த டைரி பீரோ மேல் சும்மா கிடந்தது. அது இப்போது எனக்கு உதவுகிறது.

நேற்று ஞாயிறு. கறி எடுத்துக் குழம்பு வைத்திருந்தேன். கொடுமுடிச் சித்தப்பா மகன் நம்பரிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. "எங்கள் இல்லத் திருமண விழா. அழைப்பிதழைத் திறந்து பார்த்து அவசியம் வரவும்." வைகாசி மாதம், ஊரெல்லாம் முகூர்த்தம். பத்திரிகை வந்தால் பிரித்துக்கூடப் பார்க்காமல் இருப்பது ஒரு மரியாதையா? தொட்டேன். அனுமதிக்கவா, அனுமதிக்கவா என்று போன் மூன்று தடவை கேட்டது. பந்தியில் பாயசம் ஊற்றட்டுமா என்று கேட்கிற மாதிரி நினைத்துக்கொண்டு மூன்று தடவையும் சரி என்று அமுக்கினேன். பத்திரிகை ஒன்றும் வரவில்லை. சரி, சிக்னல் இல்லை போல என்று போனை வைத்துவிட்டுத் தேங்காய் அரைக்கப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி ஓடிவந்தாள். சங்கரன்கோவில்காரி, டெய்லர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போகிறவள். கையில் அவளுடைய பட்டன் போன்.

"எக்கா, ஒங்க போன ஒடனே அணைங்க. சிம்மக் கழட்டுங்க. ஒங்க நம்பர்லருந்து எல்லாருக்கும் கல்யாணப் பத்திரிகை போவுதாம். அது பத்திரிகை இல்லியாம், திருட்டுப் பயலுவ அனுப்புததாம்."

"யாரு சொன்னது?"

"ஒரு பிள்ள பேசிச்சு. பேரு சொல்லல. பேங்க்ல பைசா இருக்கான்னு பாருங்க, போயிருந்தா ஒடனே 1930-க்கு அடிங்கன்னு சொல்லிட்டு வச்சிட்டுது."

இங்கே ஒன்றை எழுதியாக வேண்டும். எங்கள் காம்பவுண்டில் என் வீடு போக எட்டு வீடு. எல்லாம் தெற்கேயிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த பெண்கள். எந்தக் கம்பெனி ஆஃபர் போட்டாலும் சிம்மை மாற்றிவிடுவார்கள். பேங்கில் கணக்குத் திறக்கப் போனால் நிலையான நம்பர் கேட்கிறான். "ரங்கா அக்கா நம்பரைப் போட்டுக்கிடுதோம், அதுதான் மாறாது" என்று ஒவ்வொருத்தியாக என் நம்பரைக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை சம்பளம் ஏறினால் மெசேஜ் எனக்குத்தான் வரும். நான் வாசலில் நின்று, "பேச்சி, உனக்கு வந்தாச்சு" என்று கத்துவேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவர்களுடைய ஆதார், பாஸ்புக், ஏடிஎம் கார்டு எல்லாவற்றையும் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று போட்டோ பிடித்து என் போனிலேயே வைத்திருந்தேன். திருடனுக்கு ஒரே கதவில் எட்டு வீட்டுச் சாவியும் கிடைத்தது.

போனை அணைத்து சிம்மைக் கழட்டிவிட்டு இரண்டு பேரும் முக்கு ஏடிஎம்முக்கு ஓடினோம். முத்துப்பேச்சியின் கணக்கு துடைத்து வைத்திருந்தது. இரண்டு ஓவர்லாக் மிஷின் வாங்கி, வீட்டிலேயே ஜாப் வொர்க் எடுத்துத் தைத்து, சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று நாலு வருஷமாகச் சேர்த்தது. அவள் வாய்விட்டு அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏடிஎம் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என் கணக்கிலும் போயிருந்தது. அது கிடக்கட்டும். மற்ற ஏழு பேர் கணக்குக்கு அவன் வருவதற்குள் சிம் கழன்றுவிட்டது.

அங்கேயே நின்று அவள் போனிலிருந்து, ஆன்லைன் திருட்டுக்குப் புகார் கொடுக்கிற அந்த 1930-க்குப் பேசினேன். பேசின பையன் பொறுமைசாலி. எந்த பேங்க், எத்தனை மணிக்குப் போனது, எவ்வளவு என்று ஏடிஎம் சீட்டைப் பார்த்துப் படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டு ஒரு புகார் நம்பர் கொடுத்தான். இன்று காலையில் லீவு போட்டுவிட்டு பேங்க், பிறகு ஸ்டேஷன். எஸ்.ஐ. அம்மா கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "பணம் இன்னொரு கணக்குக்குப் போயிருக்கு. ஆனா எடுக்கறதுக்குள்ள நிறைய நிறுத்திட்டாங்க. ஒரு மணி நேரம் தாமதிச்சிருந்தா ஒன்னும் மிஞ்சியிருக்காது. யாரும்மா உங்களுக்கு இவ்வளவு சீக்கிரம் சொன்னது?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்க வேண்டும்.

மே 20, செவ்வாய்

புதுச் சிம், பழைய நம்பர். போனையும் சுத்தமாகத் துடைத்து, சேமித்திருந்த நம்பர்களை மட்டும் திரும்ப ஏற்றிக் கொடுத்தார்கள். உயிர் வந்த நிமிஷத்திலிருந்து ஒரே அழைப்பு. திருட்டுப் பத்திரிகை என் போனில் இருந்த அத்தனை பேருக்கும் என் பெயரில் போயிருக்கிறது. கம்பெனி சூப்பர்வைசர், பால்காரர், சீட்டுக்காரர், காங்கயம் மாமா.

மாமாவுக்குப் பட்டன் போன் கொஞ்ச நாள் முன்புதான் போய் டச் போன் வந்திருக்கிறது. நல்லவேளை, திறக்கத் தெரியவில்லை. அவருக்குக் கோபம் வேறு விஷயத்தில்.

"ஏம்மா ரங்கநாயகி, உனக்கே இது நல்லாருக்குதா? பத்திரிகைய போன்ல தட்டி உடறதா? ஊடு தேடி வந்து, தட்டுல வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புட வேண்டாமா? நானென்ன செத்தா போயிட்டேன்?"

"மாமா, அது நான் அனுப்புனதே இல்லீங்க. திருட்டுப் பசங்க வேலைங்க."

"அதெப்படி உம் பேரு போட்டு வரும்? சரி, உங்கூட்டுல கல்யாணத்துக்கு ஆரு இருக்கறா?"

 இருந்த ஒருத்தியும் நாலு வருஷத்துக்கு முன்னால் கூட வேலை பார்த்த ஒடிசாப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. போலீசுக்கு அது தேவைப்படாது.

மே 22, வியாழன்

எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனேன். கோயிலுக்குப் பால்குடம் எடுத்துப் போகிற கூட்டம் மாதிரி இருந்தது. ஒவ்வொருத்தியின் கணக்கிலிருந்தும் என் நம்பரை எடுத்துவிட்டு அவளவள் நம்பரைப் போட்டாயிற்று. இனிமேல் ஆஃபருக்காகச் சிம்மை மாற்றினால் காலை ஒடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். கார்டெல்லாம் புதுசுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. ஆதார் நகல் கொடுக்கும்போது அதன் மேலேயே எதற்காக, எந்தத் தேதியில் என்று குறுக்கே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இத்தனை வருஷம் கல்யாண மண்டபத்துக்கும் லாட்ஜுக்கும் நோட்டீஸ் மாதிரி கொடுத்திருக்கிறேன்.

எஸ்.ஐ. அம்மா, "உங்க நம்பரையும் மாத்திடுங்கம்மா, அது பல கைக்குப் போயிருக்கும்" என்றார். மாட்டேன் என்றேன். ஏன் என்றார். கம்பெனியில் கொடுத்திருக்கிறேன், ரேஷன் கார்டில் இருக்கிறது, எனக்கு மனப்பாடமாகிவிட்டது என்று ஏதேதோ சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரி, பேங்குக்கு மட்டுமாவது வேற நம்பர் வாங்கிக்குங்க. அதை யாருக்கும் குடுக்காதீங்க" என்றார். அது நல்ல யோசனை. வாங்கிவிட்டேன்.

மே 25, ஞாயிறு

போனில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டு, என் பெயரில் பத்திரிகை வந்தால் தொடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை அதே வேலை. தொண்டை கட்டிவிட்டது. திறந்தவர்கள் மூன்று பேர். அவர்களையும் 1930-க்குப் பேச வைத்தேன். பணம் போகவில்லை, கடவுள் புண்ணியம்.

கேஸ் சிலிண்டர் என்று ஒரு நம்பர் இருக்கிறது. அதற்கு மட்டும் பேசவில்லை. கேஸ்காரர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்.

மே 31, சனி

சம்பள நாள். யாருடைய மெசேஜும் எனக்கு வரவில்லை. வாசலுக்குப் போனேன், கத்த ஒன்றுமில்லை, உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

முத்துப்பேச்சி வந்து தன் போனை நீட்டினாள். "எக்கா, சம்பளம் ஏறிருக்கான்னு படிச்சுச் சொல்லுங்க. எனக்கு இங்கிலீசு புரியல."

அவளுக்கு நம்பர் படிக்கத் தெரியும். போன மாதம் சிலிண்டர் பில்லை அவள்தான் எனக்குச் சரிபார்த்துத் தந்தாள். ஆனாலும் வாங்கிப் படித்தேன். "பேச்சி, உனக்கு வந்தாச்சு" என்றேன்.

அவள் பணம் என் போனால்தான் போனது. இதுவரை ஒரு வார்த்தை, ஒரு பார்வை அவளிடமிருந்து வரவில்லை. வேறு யாராவதாக இருந்தால் குழாயடியில் என் மானம் கப்பலேறியிருக்கும். அவள் போன பிறகு உட்கார்ந்து நன்றாக அழுதேன். என்ன செய்து நான் இவர்களைச் சம்பாதித்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

வேலையில் இருக்கும்போது ஒருத்தன் கூப்பிட்டு, நான் வாங்கிய கடனுக்குத் தவணை கட்டவில்லை என்று அதட்டினான். நான் எங்கே கடன் வாங்கினேன்? என் ஆதாரையும் போட்டோவையும் வைத்து ஏதோ ஆப்பில் என் பெயரில் கடன் எடுத்திருக்கிறார்கள். பயத்தில் கட்டிவிட்டால் நான்தான் வாங்கினேன் என்று ஆகிவிடும் என்று பட்டது. "கடன் வாங்கின ரங்கநாயகி இங்க இல்லீங்க. அவளைப் பார்த்தா எனக்கும் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். வாய் மட்டும் எனக்கு எப்போதும் கைகொடுக்கும்.

சாயங்காலம் ஸ்டேஷனில் பழைய புகாரோடு இதையும் சேர்த்துக்கொண்டார்கள். கடன் கொடுத்த கம்பெனிக்கு, இது நான் வாங்கியதல்ல என்று எழுதி, புகார் நகலையும் இணைத்து அனுப்பச் சொன்னார் எஸ்.ஐ. அம்மா. என் பெயரில் வேறு கடன் இருக்கிறதா என்று அவரே பார்த்துச் சொன்னார். இல்லை. ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கலாமாம். பூட்டியாயிற்று. அவர் மேஜையில் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. எனக்காக அரை மணி நேரம் உட்கார்ந்தார். காக்கிச் சட்டை என்றால் ஒதுங்கிப் போகிறவள் நான். இன்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

மிஷின் கடைக்காரர் ஆடி முடியும் வரைதான் பொறுப்பாராம். அதற்குள் பணம் வராவிட்டால் முத்துப்பேச்சிக்கு எடுத்து வைத்த இரண்டு மிஷினையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அவள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

இன்னொன்று. முத்துப்பேச்சி அந்த பட்டன் போன் நம்பரை மாற்றியதே சித்திரைக் கடைசியில்தான். எனக்கே அந்த நம்பர் மனப்பாடம் இல்லை. அப்படியிருக்க, பேர் சொல்லாத அந்தப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? கேட்டால், "தெரியலியே எக்கா" என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

ஜூலை 3, வியாழன்

நிறுத்தி வைத்த பணத்தை விடுவிக்கக் கோர்ட்டில் மனு. வக்கீல் வைக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்டேஷனிலேயே வழி சொல்லிவிட்டார்கள். தேதி வாரியாக எழுதி வைத்திருந்தது உதவியது. தேவைப்பட்ட பக்கங்களை மட்டும் நகல் எடுத்துக் கொடுத்தேன். எல்லாப் பக்கமும் எல்லோருக்கும் இல்லை.

கடன் கம்பெனியிடமிருந்தும் பதில் வந்தது. என் பெயரை எடுத்துவிட்டார்களாம். மன்னிப்புக் கேட்கவில்லை. போகட்டும்.

ஜூலை 18, வெள்ளி

பணம் வந்துவிட்டது! முழுசும் இல்லை, ஒரு பங்கு போனது போனதுதான். என் பங்கில் வந்ததை முத்துப்பேச்சி கணக்கில் சேர்த்தால் இரண்டு மிஷினுக்கும் சரியாக வரும். அவள் வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. ஜாப் வொர்க் ஓட ஆரம்பித்ததும் திருப்பிக் கொடு என்று சொல்லி முடித்துவிட்டேன்.

பேங்கிலிருந்து வரும் வழியில் மனசு நிறைந்திருந்தது. "அந்தப் பிள்ள மட்டும் அன்னிக்குச் சொல்லலைன்னா ஒன்னுமே இல்ல பேச்சி. அவளுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக் குடுக்கணும். நம்பர் இருக்குமல்லோ, கூப்புடு, எங்க இருக்கறான்னு கேளு" என்றேன்.

முத்துப்பேச்சி ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டாள்.

"வாங்குங்க எக்கா. அனுப்பர்பாளையத்துக்கு பஸ்ஸு இருக்கு."

பாஸ்புக்கைப் பைக்குள் திணித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நான் சிம்ம மாத்துனா மொதல்ல அந்தப் பிள்ளைக்குத்தான் நம்பரச் சொல்லுவேன். வாரா வாரம் பேசும். எங்கம்மா சாப்புட்டாளா, சுகர் மாத்திர போட்டாளான்னு கேக்கும். ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுது."

"அன்னிக்கு என்ன சொன்னா?"

"அழுதுட்டே பேசிச்சு எக்கா. 'அம்மா நம்பர்ல இருந்து எனக்குக் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கு. எங்கம்மா எனக்குப் பத்திரிகை அனுப்ப மாட்டாங்க. அதனால இது அம்மா இல்ல, யாரோ திருடன். உடனே போயி போனை அணைக்கச் சொல்லுங்க'ன்னு."

காங்கயம் மாமாவிலிருந்து சூப்பர்வைசர் வரை அத்தனை பேரும் நான் அனுப்பியது என்று நம்பினார்கள். மூன்று பேர் திறந்தும் பார்த்தார்கள். பொய் என்று ஒருத்திக்கு மட்டும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது என்பதை எழுதக் கை வரவில்லை.

அவள் அப்பா இருந்தவரை அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்றார். அதனால்தான் அவள் நம்பரை வேறு பெயரில் வைத்திருந்தேன். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவரை எடுத்த அன்று அவள் தெருமுனை வரை வந்து நின்றாளாம். யாரோ சொன்னார்கள்.

ஜூலை 19, சனி

வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

மைசூர்பாகு வாங்கினேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். காம்பவுண்டுப் பிள்ளைகள் தின்றார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

இந்தத் தடவை முத்துப்பேச்சி கூட வந்தாள். வெறுங்கையோடும் போகவில்லை, மைசூர்பாகோடும் நிற்கவில்லை. பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், குங்குமச் சிமிழ், பூ. காங்கயம் மாமா பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமிருக்காது. பஸ்ஸில் எல்லோரும் யாருக்குக் கல்யாணம் என்கிற மாதிரி பார்த்தார்கள்.

கதவைத் திறந்தது அந்தப் பையன். ஒரு நிமிஷம் திகைத்தவன், "வாங்க அத்தை" என்றான். திருப்பூர்த் தமிழ்தான் பேசுகிறான். பிறகு உள்ளே பார்த்து என்னவோ ஒடியாவில் சத்தம் போட்டான். கோகிலா ஈரக் கையோடு வந்து நின்றாள். மெலிந்திருக்கிறாள். காதில் நான் போட்ட அதே கல் தோடு.

தட்டை நீட்டினேன். வீட்டிலிருந்து பேசிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோனது.

"கோகிலவாணி, ஆடிப் பதினெட்டுக்கு நீயும் மாப்பிள்ளையும் நம்ம ஊட்டுக்கு வரோணும். தல ஆடிக்கே அழைச்சிருக்கோணும். அப்ப அழைக்கல."

அவள் தட்டைத் தொடாமல் என்னையே பார்த்தாள். "இது நீங்கதானாம்மா?" என்றாள்.

"நான்தான் கண்ணு. திருடன் இல்ல."

தட்டை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு மூன்று பேரும் அழுதோம். அந்தப் பையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கடைக்கு ஓடி நாலு டீ வாங்கி வந்தான்.

அவன் பெயர் பிஜய். நாலு வருஷத்தில் இன்றுதான் எழுதுகிறேன்.

ஆகஸ்டு 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

காலையிலேயே வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் முத்துப்பேச்சியின் இரண்டு மிஷினும் நோம்பி நாள் என்றுகூடப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய ஆர்டராம். அந்தச் சத்தம் எனக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது. மத்தியானம் அவளையும் இழுத்து வந்து இலை போட்டேன். பிஜய் மூன்று தடவை சாதம் வாங்கினான். இரண்டாம் தடவையே போதும் என்றான், நான் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் கோகிலா என் போனை எடுத்து வைத்துக்கொண்டு, இதை அணை, இதைப் பூட்டு என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். நான் அடுப்படியில் பாத்திரம் ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தேன்.

"பேச்சியக்கா சொன்னாங்க. போலீஸ்லயே நம்பர மாத்தச் சொல்லியும் மாட்டேன்னுட்டீங்களாமா? ஏம்மா?"

"ரேஷன் கார்டுல இருக்குது."

"பொய் சொல்லாதீங்க."

பாத்திரத்தைப் பார்த்தபடியே சொன்னேன். "மாத்திட்டா, நீ கூப்புட்டா எங்க அடிக்கும்?"

 கோகிலா எழுந்து வந்து போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு முகத்தைக் காட்டாமல் திரும்பிப் போனாள். கோபமோ என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. திரையில் 'கேஸ் சிலிண்டர்' என்று வந்தது.

எட்டிப் பார்த்தேன். கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், காதில் போன், கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. பிஜய் ஒன்றும் புரியாமல் அவளையும் என்னையும் பார்த்தான்.

எடுத்து, "சொல்லு கண்ணு" என்றேன்.